தரையில் வைத்த திருவருகை விளக்கு

தரையைப் பற்றி யாராவது கேட்டால் இப்போது நான் நிறையச் சொல்லுவேன். மலாக்கா டவுனில், தெங்கேராவில், என் மனைவியின் தம்பி குமாரின் வீட்டுக் கூடத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூப்போட்ட பழைய தரை. ஒரு பூவில் மட்டும் இதழ் குறைகிறது. நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் ஒரு விரிசல், அதற்குள் எறும்புகளின் போக்குவரத்து. அவற்றுக்கும் காலையில் நெரிசல் உண்டு. கண் அறுவை முடிந்து தலையைக் கவிழ்த்தபடியே கிடந்த நாட்களில் எனக்கு வாய்த்த காட்சி இவ்வளவுதான். சலிப்பு என்றால் அப்படி ஒரு சலிப்பு.

என் பெயர் சூசை. நியாலாஸ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் என்கிற குடியிருப்புகளிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலாக்கா தொழிற்சாலைகளில் விடும் கம்பெனி பஸ்ஸை ஓட்டுகிறேன். ஓட்டிக்கொண்டிருந்தேன். எது சரி என்பதை லைசென்ஸ் கொடுப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். ஒரு கண் போனால் பஸ் லைசென்ஸும் போச்சு. எனக்குக் கைவசம் வேறு தொழில் கிடையாது.

எங்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில், அதைச் சுற்றி ஒரு பிடி கத்தோலிக்கக் குடும்பங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளை நாங்கள் திருவருகைக் காலம் என்போம். பச்சை இலைகள் சுற்றிய ஒரு வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் இருக்கும், ஊதாவில் மூன்று, ரோஜா நிறத்தில் ஒன்று. ஞாயிற்றுக்கு ஒன்றாக ஏற்றிக்கொண்டு வருவோம். வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வளையத்தைப் பெட்டியில் சுமந்து வருவது நான்தான், ஏற்றிய பிறகு வெளிச்சத்தைப் பற்றிச் சிறிது நேரம் பேசுவதும் நான்தான். இருட்டை விரட்ட ஒரு திரி போதும், உலகின் ஒளி வந்துகொண்டிருக்கிறார், விழித்திருப்போம் என்று வருடா வருடம் ஒரே பேச்சு. என் மனைவி மல்லிகாவுக்கு அது மனப்பாடம். நான் பேசும்போது அவள் உதடும் அசையும்.

இந்த முறை முதல் ஞாயிற்றுக்குச் சற்று முன்பே வலது கண்ணின் ஓரத்தில் ஏதோ மின்ன ஆரம்பித்திருந்தது. பஸ்ஸில் என் இருக்கை வலப்பக்கம்தானே, பின்னால் வரும் மோட்டார்சைக்கிள் லைட் அடிக்கிறான் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தால் சாலையில் ஒருவரும் இல்லை. இல்லாத மோட்டார்சைக்கிளுக்கு நான் வழிவிட்டதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

முதல் ஞாயிறு கூட்டம் பிலோமினா அக்கா வீட்டில் நடந்தது. எங்கள் குழுவில் மூத்தவர் அவர்தான். கைக்கு எப்போதும் ஜெபமாலை, முழங்காலுக்கு எப்போதும் தைலம். தரையில் உட்கார முடியாததால் அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எல்லா வீட்டிலும் காத்திருக்கும். நான் முதல் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்ச வில்.

“யாராச்சும் போட்டோ எடுத்திங்களா?”

“இல்லயே தம்பி. ஏன்?”

“பளிச்சுனு வெளிச்சம் அடிச்சிச்சுக்கா. இந்தா, இப்பவும்.”

பிலோமினா அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “எத்தன வருசமா வெளிச்சம் வெளிச்சம்னு பேசிகிட்டு இருக்க சூசை. இந்த வருசம் அவரே காட்டிட்டாருப்பா.”

உடனே ஒருவர் பாட்டெடுத்தார், எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? செய்தி பஸ்ஸுக்கும் வந்துவிட்டது. இறங்கும்போது ஒரு பெண் என் பக்கம் குனிந்து, “அண்ணே, நம்பர் எதாச்சும் தெரிஞ்சிச்சா?” என்று கேட்டாள். என் தெய்வ தரிசனத்தை நம்பி நாலு இலக்க லாட்டரிச் சீட்டில் பணம் வைக்க அவள் தயாராக இருந்தாள். சந்தேகப்பட்ட ஒரே ஆள் மல்லிகாவின் தம்பி குமார். கல்யாணத்தின்போது மல்லிகா ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டாள், அவள் பிறந்த வீட்டில் மற்ற எல்லாரும் இந்துக்களாகவே இருக்கிறார்கள். அவள் போனில் விஷயத்தைச் சொல்ல, அவன் என்னைக் கூப்பிட்டான்.

“மச்சான், சாமி வெளிச்சம் காட்டுனா ரெண்டு கண்ணுலயும் காட்டும்லா. ஒரு கண்ணுல மட்டும்னா டாக்டரப் போயி பாருங்க.”

“ஒனக்கு எங்க சாமின்னா கிண்டலா போச்சு,” என்று போனை வைத்துவிட்டேன்.

அடுத்து மெழுகுவர்த்திப் புகை படிந்தது போலக் கரும்புள்ளிகள் வந்தன. அதையும் களைப்பு என்று தள்ளிவிட்டேன். இரண்டாம் மெழுகுவர்த்தி ஏற்றியதற்கு மறுநாள் காலை, பஸ்ஸில் ஆள் ஏறிக்கொண்டிருக்கும்போது இடது கண்ணில் தூசி விழுந்தது. அதைக் கசக்கிக்கொண்டு வலது கண்ணால் மட்டும் படிக்கட்டைப் பார்த்தேன். ஏறுகிறவர்களின் முகம் இருக்கிறது, இடுப்பு இருக்கிறது, கால் இல்லை. கீழே கறுப்பாகத் தண்ணீர் நிற்பது போல இருந்தது. மத்தியானத்துக்குள் அந்தத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. வேறொரு டிரைவரைக் கூப்பிட்டு சாவியைக் கொடுத்தேன். குமார் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டு ஜாசின் டவுன் வரைக்கும் வந்து எங்களை மலாக்கா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான். வழியெல்லாம் அவன், ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று சொல்லிவிடுவான் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவே இல்லை.

பெரியாஸ்பத்திரிக் கண் பிரிவில் காத்திருப்பது ஒரு தனி உலகம். கண்மணி விரிவதற்காக மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வந்து வந்து சொட்டு மருந்து விட்டுப் போவார். கண்மணி விரிந்தால் சாதாரண டியூப் லைட்கூட ஊசியாகக் குத்தும். மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று அத்தனை பேரும் கண்ணை இடுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். வருடக்கணக்கில் வெளிச்சம் வேண்டும் என்று ஜெபித்த நானே, மல்லிகாவிடம் அந்த லைட்டை யாரையாவது அணைக்கச் சொல்லேன் என்று கெஞ்சினேன். அவள் தன் துப்பட்டாவை என் தலைமேல் போட்டு, புதுப்பெண் மாதிரி மூடி உட்காரவைத்தாள்.

டாக்டர் இளம் மலாய்ப் பெண். என் இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு சின்ன டார்ச்சை வலது கண்ணுக்கு முன்னால் வெவ்வேறு இடங்களில் காட்டினார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும், அதுதான் சோதனை. மேலே என்றேன். வலது என்றேன். இடது என்றேன். அப்புறம் நான் சும்மா இருந்தேன்.

“பக்சிக், இப்போது?” என்று மலாயில் கேட்டார். பக்சிக் என்றால் மாமா.

“நீங்க இன்னும் காட்டலயே டாக்டர்.”

பக்கத்தில் நின்ற மல்லிகா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். டார்ச் என் கன்னத்துக்கு அருகே எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கண்ணின் உட்சுவரில் காகிதம் ஒட்டியது போல விழித்திரை இருக்கிறது, நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழுகிறது. கண்ணுக்குள் முட்டை வெள்ளைக்கரு மாதிரி ஒரு கூழ். வயதானால் அது சுருங்கும், சுருங்கும்போது சிலருக்கு விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடும். எனக்கு மேல்பக்கம் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக நீர் புகுந்து திரையைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டிருக்கிறது. கண்ணில் எல்லாமே தலைகீழாக விழுவதால், மேலே உரிந்தால் கீழே இருட்டும். நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் உரிந்துவிட்டால் பிறகு ஒட்டினாலும் பழைய பார்வை திரும்பாது.

“எப்போதிலிருந்து மின்னுகிறது?”

முதல் மெழுகுவர்த்திக்கு முன்னாலிருந்து என்றேன். அவருக்குப் புரியவில்லை. மல்லிகாதான் கணக்குப் போட்டு விளக்கினாள். டாக்டர் திட்டவில்லை, பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னார். விழித்திரைக்கு வலி தெரியாதாம். அதைப் பிடித்து இழுத்தால், குத்தினால், கிழித்தால், அதற்குத் தெரிந்த ஒரே பதில் வெளிச்சம். நான் பார்த்த மின்னல் அது இழுபட்ட நேரம்.

என் கண் கிழிபட்டுக் கத்தியிருக்கிறது, நாங்கள் எழுந்து நின்று பாட்டுப் பாடியிருக்கிறோம். இதை நினைத்து நினைத்து வார்டில் மல்லாந்து கிடந்தேன். மறுநாள் அறுவை. அதுவரை எழுந்து நடக்கவும் தயங்கினேன், ஒரு தும்மல் போட்டால் மிச்சமும் உரிந்துவிடுமோ என்ற பயம். அரசு ஆஸ்பத்திரி என்பதால் பில் பெரிதில்லை, ஓடாத பஸ்ஸுக்குச் சம்பளம் கிடையாது என்பதுதான் கவலை. அன்று கார்த்திகைத் தீபம். குமாரின் மனைவி தேவி, விளக்கு வைக்கிற வேலைக்கு நடுவிலும் பொரி உருண்டையும் ரசஞ்சாதமும் கொடுத்து அனுப்பியிருந்தாள். பிலோமினா அக்கா போன் செய்துகொண்டே இருந்தார். மல்லிகா எடுக்கவே இல்லை. அவளுக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, போனைத் துடைத்துத் துடைத்துக் கைப்பையில் வைப்பாள்.

கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்துதான் அறுவை. நினைவு இருக்கும், பேச்சுக் கேட்கும். கூழை உறிஞ்சி எடுத்து, திரையைப் படிய வைத்து, கிழிசலைச் சுற்றி லேசரால் தைப்பது போலச் சுட்டு, கடைசியில் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை அடைத்துவிடுவார்கள். ஒட்டிய காகிதம் காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடிப்போம் இல்லையா, அந்த வேலையைக் குமிழி செய்யும். குமிழி எப்போதும் மேலே மிதக்கும். அது கண்ணின் பின்சுவரில் போய் அழுத்த வேண்டுமென்றால் நான் தலையைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். உண்ணும்போதும் அப்படித்தான், உறங்கும்போதும் அப்படித்தான்.

அடிக்கடி பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்ததால் தெங்கேராவில் தங்கினோம். குமார் எங்கிருந்தோ ஒரு நீச்சல் டியூப் கொண்டுவந்து, ஓட்டைக்கு அடியில் தரை தெரியும்படி, என் மெத்தைக்கு முன்னால் இரண்டு குட்டை முக்காலிகள்மேல் வைத்தான். அதன் ஓட்டையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். தேவி என் முகத்துக்கு நேரே தரையில் கோப்பையை வைத்து ஸ்ட்ராவை நீட்டுவாள். இடது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பூத் தரையும் கால்களும். தேவிக்குக் கால் விரலில் மெட்டி, குமாருக்கு வலது பெருவிரலில் நகச்சுற்று. மல்லிகாவின் குதிகால் வெடித்திருந்தது. இத்தனை வருடக் குடித்தனத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

வாயு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து குமாருக்கு ஒரு பயம்.

“மச்சான், கண்ணுல கேஸ் ஏத்தியிருக்காங்க. குசினிப் பக்கம் போயிடாதிங்க. அடுப்புப் பத்திக்கிட்டா?”

“எரியற கேஸ் இல்லடா அது.”

“எதுக்குப்பா வம்பு?”

சிரித்தேன், ஆனால் சிரிப்பு அங்கேயே முடிந்தது. வலது கண்ணின் மூடியை எடுத்தால் பனிமூட்டம் மட்டும் தெரிந்தது. திரை ஒட்டிவிட்டதா, கீழ்ப்பக்கத்து இருட்டு போய்விட்டதா என்று எனக்கு விளங்கவில்லை. டாக்டரிடம் கேட்டால், காத்திருங்கள் பக்சிக், பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பார். திருவருகைக் காலம் என்றால் காத்திருக்கும் காலம் என்று வாய் கிழியப் பேசியவன்தான் நான். கவிழ்ந்து கிடந்து காத்திருப்பது எப்படி என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஜெபிக்கப் பார்த்தேன். வெளிச்சம் என்ற சொல் வரும்போதெல்லாம் அந்த மின்னல் நினைவுக்கு வந்து வாய் நின்றுவிடும். அப்புறம் ஜெபிப்பதையே விட்டுவிட்டேன். எறும்புகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நான்காம் ஞாயிறு சாயங்காலம் வாசலில் வேன் சத்தம் கேட்டது. கூடத்துக்குள் நிறையக் கால்கள் வந்தன. தைலம் மணக்கும் இரண்டு வீங்கிய கால்கள் வாசற்படியிலேயே நின்றுவிட்டன. பிலோமினா அக்கா என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“மல்லிகா, உள்ள வரலாமா?” என்றார்.

மல்லிகாவின் வெடித்த குதிகால்கள் வாசற்படியை நோக்கி மெதுவாக நகர்ந்தன. “வாங்கக்கா,” என்றாள் கடைசியில்.

குழு நியாலாஸிலிருந்து நான்காம் மெழுகுவர்த்தியை என்னோடு ஏற்ற வந்திருந்தது. வந்து இறங்கிய பிறகுதான் வளையத்தைக் காணோம். பெட்டியைச் சுமப்பது வழக்கமாக நான் என்பதால், ஒவ்வொருவரும் இன்னொருவர் எடுத்திருப்பார் என்று நினைத்து வந்திருக்கிறார்கள். கோயில் அலமாரியிலேயே அது பத்திரமாக இருந்திருக்கிறது. ஊதா மெழுகுவர்த்திக்கு இந்த நேரத்தில் எங்கே போவது, பிறந்தநாள் மெழுகுவர்த்தி கிடைக்குமா என்று ஆளுக்கு ஒன்று பேசினார்கள்.

“கார்த்திகைக்கு வாங்குன அகல் மிச்சம் இருக்கு,” என்றாள் தேவி. “ஒங்க பூசைக்கு ஆவுமான்னு தெரியல.”

பிலோமினா அக்காதான் சொன்னார், “கொண்டா தாயி. மேச மேல வேணாம். அவன் தலய தூக்கக் கூடாது. தரையில வையி.”

தேவி நான்கு அகல்களைக் கொண்டுவந்து வைத்தாள். எண்ணெய் ஊற்ற ஆரம்பித்தபோது மல்லிகா அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அகல் தொட்டு நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு கார்த்திகைக்கும் இந்த வீட்டு வாசலில் தள்ளி நின்று பார்ப்பாள், அவ்வளவுதான். இப்போது அவள் விரல்கள் பஞ்சைத் திரித்து, எண்ணெயில் தோய்த்து, நுனியை நசுக்கி விளிம்பில் சாய்த்தன. எதையும் யோசிக்காத விரல்கள். நான் டியூப் ஓட்டை வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு அழுகை வந்தது. கவிழ்ந்திருப்பதால் கண்ணீர் நேரே தரையில் விழுந்தது.

“நெருப்பக் கிட்ட கொண்டு போவாதக்கா, கேஸு,” என்றான் குமார்.

“நீ சும்மா இருலா,” என்றாள் மல்லிகா.

நான்கு அகலும் எரிந்தன. சுற்றி எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று இழுபட்டு நகர்ந்தது. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஐயோ அம்மா என்ற முனகலோடு பிலோமினா அக்கா மெல்ல மெல்லத் தரைக்கு வந்தார். பக்கவாட்டில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து, முகத்தை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நான் பார்த்த முதல் மனித முகம் அது.

“நான்தான்டா சொன்னேன், அவரு காட்டுனாருன்னு,” என்றார். “என் பேச்ச கேட்டுத்தானே இருந்துட்ட.”

“நானும்தான் பாடுனேன்க்கா.”

வழக்கம்போல யாரோ என்னைப் பேசச் சொன்னார்கள். அந்தப் பழைய பேச்சைச் சொல்லும் தெம்பும் இல்லை, புதிதாக எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன். நான்கு வர்த்திகளையும் முதல் ஞாயிறே ஏற்றிவிடாமல் ஏன் ஒவ்வொன்றாக ஏற்றுகிறோம் என்று நான் யோசித்ததில்லை. பளிச்சென்று வருவதை நம்பிக் கிடந்தேன். சாய்ந்து சாய்ந்து எரியும், பக்கத்தில் ஆள் உட்கார்ந்து எண்ணெய் ஊற்ற வேண்டிய இந்தச் சின்னத் தீயைத்தான் கோயில் எனக்கு வருடா வருடம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இதையும் அப்போது நான் சொல்லவில்லை.

அப்போது மல்லிகா என் பக்கம் நகர்ந்து வந்தாள். என் வலது கண் மூடியைக் கழற்றினாள். தன் உள்ளங்கையால் என் இடது கண்ணைப் பொத்தினாள். மற்றக் கையில் ஓர் அகலை எடுத்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

“எங்க இருக்கு, சொல்லுங்க.”

பனிக்குள்ளே ஒரு மஞ்சள் கலங்கல். “மேல.”

“இப்ப?”

“வலது.”

“இப்ப?”

“இடது.”

கலங்கல் மறைந்தது. டாக்டர் அறையில் நான் சும்மா இருந்த இடத்துக்கு வந்துவிட்டோம். அவள் வளையல் சத்தம் என் தாடைக்குப் பக்கத்தில் கேட்டது. காதை நம்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“இப்ப?” என்றாள்.

பனியின் அடி விளிம்பில், கறுப்புத் தண்ணீர் நின்ற அந்த இடத்தில், மெதுவாக மஞ்சள் ஏறியது.

“கீழ,” என்றேன். “மல்லி, கீழ இருக்கு.”

பிலோமினா அக்கா வாய்விட்டு அழுதார். மல்லிகா அழவில்லை. அகலைக் கீழே வைக்கப்போய் என் சட்டைக் கையில் எண்ணெயைக் கொட்டிவிட்டாள். அந்தக் கறை இன்னும் போகவில்லை.